சந்திரனும் சூரியனும் உள்ளவரை: பினாங்கு உயில்களின் வரலாறும் நம் குடும்பங்களும்



துக்க வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் தொடர் ஒன்று உண்டு. "அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார்" என்பது அது. வீடு யாருக்கு, நகை யாருக்கு, மணமாகாத தங்கைக்கு எவ்வளவு என்று பெரியவர் சொல்லியிருப்பார், கேட்டவர்களும் இருப்பார்கள். ஆயினும் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில மாதங்கள் கழிந்ததும் அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை என்று தெரியவரும். பேச்சில் உயிரோடிருந்த விருப்பம் ஆவணத்தில் இல்லாமையால் இறந்துபோகும். மொழியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது வெறும் சட்டச் சிக்கலாகப்படுவதில்லை. ஒருவர் எண்ணியதற்கும் எழுதியதற்கும், எழுதியதற்கும் பிறர் படித்துக்கொண்டதற்கும் இடையே உள்ள தொலைவே இதன் உள்ளீடு. அந்தத் தொலைவு நம் பினாங்குத் தீவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு அளக்கப்பட்டு வந்தது என்பதே இவ்விரிவுரையின் பொருள்.

1. ஒரு சொல்லின் வரவு

இன்று நாம் வழங்கும் 'உயில்' என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லின் முதலொலி இதழ் குவித்து ஒலிப்பது. தமிழ் வகரமோ கீழிதழும் மேற்பல்லும் பொருந்தப் பிறப்பது. கேட்ட காதுக்கு அது வகரமாகப் படாமல் உகரமாகப் பட்டிருக்க வேண்டும். 'வில்' என்று எழுதியிருந்தால் அம்பெய்யும் வில்லோடு மயங்கியிருக்கும். உகரமும் இகரமும் சேர, இடையே யகரம் உடம்படுமெய்யாக நின்று 'உயில்' ஆயிற்று. கன்னடத்திலும் இச்சொல் 'உயிலு' என்றே வழங்குகிறது. தெலுங்கில் 'வீலுநாமா' என்பர். மலையாளத்தில் 'வில்பத்திரம்' என்பதோடு 'ஒஸ்யத்து' என்ற சொல்லும் உண்டு. இது அரபியின் 'வஸிய்யத்' திரிந்தது. இங்கும் முதல் வகரம் இதழ் குவிந்த உயிராக மாறியிருப்பதைக் காணலாம். அதே அரபுச் சொல்தான் மலாயில் 'வாசியாட்' என வழங்குகிறது.

கடன் வாங்கிய சொல் என்பதால் பொருளும் கடன் வாங்கியதே என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் இங்கே அது பெரும்பாலும் உண்மை. 'மரண சாசனம்' என்ற வடமொழித் தொடர் நம் அகராதிகளில் உண்டு. ஈழத் தமிழர் 'மரண சாதனம்' என்பர். தமிழ்நாட்டுச் சட்டத்தமிழ் 'விருப்புறுதி' என்று ஆக்கிக்கொண்டது. இத்தனை பெயர் இருந்தும் பழைய தமிழ்க் குடும்ப வழக்கில் உயிலுக்குப் பெரிதாக இடமில்லை. மிதாட்சர முறையில் மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டு. தந்தை இறக்குமுன் அதைத் தன் விருப்பப்படி ஒருவருக்கு எழுதிவைக்க உரிமை இல்லையெனில் உயிலுக்குத் தேவை ஏது? இந்தியாவில் இந்துக்களின் உயில்களுக்கென்று தனிச் சட்டம் 1870இல்தான் வந்தது. அதுவும் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்குமே முதலில் பொருந்தியது.

2. ஓலையும் சாட்சியும்

உயில் புதியதாயினும் ஆவணம் நமக்குப் புதியதன்று. 'ஆவணக்களரி' என்ற சொல்லைச் சோழர் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஆவணங்கள் பதிவான இடத்துக்கு அது பெயர். ஆவணத்தைத் தமிழ் மனம் எவ்வளவு நுட்பமாக எண்ணியது என்பதற்குப் பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி போதும். சுந்தரர் திருமணத்தன்று ஒரு முதியவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே ஓலை படிக்கப்படுகிறது. சாட்சியாகக் கையொப்பமிட்டோர் தம் எழுத்தை ஒப்புகின்றனர். பாட்டனாரின் கையெழுத்து, காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது.

இதைப் பக்தி நோக்கில் படிப்பது ஒருபுறம் இருக்கட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் ஓர் ஆவணத்தை மெய்ப்பிக்க எவற்றைத் தேவை என்று கருதினார் என்று பாருங்கள்: எழுத்தில் இருத்தல், எழுதியவரின் கையொப்பம், சாட்சிகள், மூலப்படி, பாதுகாப்பான வைப்பிடம். இன்றைய மலேசிய நீதிமன்றமும் ஓர் உயிலிடம் ஏறத்தாழ இவற்றையே கேட்கிறது. எழுதத் தெரியாதவர் இடும் அடையாளத்துக்குத் 'தற்குறி' என்று பெயர் இருந்தது. பின்னாளில் அது எழுத்தறியாதவரையே குறித்து, இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் சட்டம் தற்குறியை இகழ்வதில்லை. முறையாகச் சாட்சிகள் முன் இட்ட கைநாட்டும் உயிலில் செல்லும்.

3. சாசனத்தில் ஒரு தொடர்

1786 ஆகஸ்டு 11இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றினார். அடுத்த இருபது ஆண்டுகள் இங்கே முறையான நீதிமன்றம் இல்லை. அந்த இடைக்காலத்தின் விளைவை லைட்டின் குடும்பமே உணர்ந்தது. 1794 அக்டோபர் 21இல் அவர் இறந்தார். அதற்கு முந்தைய நாளில் உயில் எழுதினார். இருபதாண்டுக் காலம் தம்முடன் வாழ்ந்த மார்த்தினா ரொசெல்ஸ் என்ற பெண்மணிக்குத் தோட்டமும் வீடும் விட்டுச் சென்றார். நிறைவேற்றுநர்களுள் ஒருவர் அவருடைய வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட். ஆனால் சஃபோக் தோட்டம் அக்குடும்பத்தாரிடம் நிலைக்கவில்லை; பின்னாளில் அது ஆளுநராயிருந்த வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் வசமாயிற்று. தீவை நிறுவியவரின் உயிலே அவர் எண்ணியபடி குடும்பத்தைக் காக்கவில்லை. உயிலை எழுதுவது பாதி வேலைதான்; அதை நிறைவேற்றுவோர் யார், அவரைக் கேள்வி கேட்கும் மன்றம் எது என்பவை மறுபாதி.

1807 மார்ச் 25இல் நீதிச் சாசனம் வழங்கப்பட்டது. 1808இல் சர் எட்மண்ட் ஸ்டேன்லி முதல் நீதிபதியாக வந்து மன்றத்தைத் தொடங்கினார். உயில்களை ஏற்று உறுதி செய்யும் அதிகாரம், இங்கிலாந்தில் அப்போது திருச்சபை மன்றங்களிடம் இருந்தது. சாசனம் அதையும் பினாங்கு மன்றத்துக்குத் தந்தது. ஆனால் ஒரு வரம்போடு தந்தது: இங்கு வாழும் மக்களின் பல்வேறு சமயங்களும் ஒழுகலாறுகளும் வழக்கங்களும் இடங்கொடுக்கும் அளவுக்கே அந்த அதிகாரம் செல்லும்.

மொழியியலார் நோக்கில் இத்தொடர் வியப்புக்குரியது. எவ்வளவு தூரம் இடங்கொடுக்கும் என்பதை முடிவு செய்பவர் யார்? தமிழ் முஸ்லிமா, சீனரா, மலாய்க்காரரா? இல்லை, ஆங்கில நீதிபதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பினாங்கின் உயில் வழக்குகளில் பெரும்பகுதி இந்த ஒரு தொடருக்கு உரை காணும் முயற்சியே.

4. வணிகரும் வழக்கும்

இசுலாமியச் சட்டப்படி ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத்தாக எழுதிவைக்க இயலாது. எஞ்சியது ஃபராயிது முறைப்படி வாரிசுகளுக்குப் பகிரப்பட வேண்டும். ஆங்கிலச் சட்டமோ உரிமையாளர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம் என்றது. 1835இல் அப்துல்லா என்பவரின் உயிலில் இக்கேள்வி எழுந்தது. நீதிபதி சர் பெஞ்சமின் மால்கின், முஸ்லிமும் ஆங்கிலச் சட்டப்படி முழுச் சொத்தையும் உயிலால் வழங்கலாம் என்று தீர்த்தார்.

1871இல் பாத்திமா - லோகன் வழக்கு வந்தது. முகமது நூர்தீன் என்ற பெருவணிகரின் உயில் இசுலாமியச் சட்டத்துக்கு மாறானது என்பது வழக்காடியோர் வாதம். நீதிபதி ஹேக்கெட், இத்தீவில் உயிலின் செல்லுந்தன்மையை அளப்பது சாசனத்தின் வழி வந்த ஆங்கிலச் சட்டமே என்றார். நூர்தீன் பெயரைத் தாங்கிய லெபோ நூர்தீன் இன்றும் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. சுங்கை பினாங்கிலிருந்து நகருக்குள் போவோர் பலர் அத்தெருவைக் கடந்திருப்பர். அப்பெயருக்குப் பின்னால் ஓர் உயில் வழக்கு இருப்பதை அறிந்தவர் சிலரே.

இவ்வழக்குகளின் பதிவேடுகளில் இன்னொன்றையும் காணலாம். மரைக்காயர் 'மெரிக்கன்' ஆகிறார்; சின்னத்தம்பி 'ஷீனா தொம்பி' ஆகிறார். ஒரே மனிதரின் பெயர் நிலப்பத்திரத்தில் ஒருவிதமாகவும் உயிலில் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்தேறியது. இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் ஒன்று, வீட்டுக் கிராண்டில் ஒன்று என வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் உயிலில் குறிக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

5. கந்தூரியும் நிலைபேறும்

இனிச் சொல்லப்போவது இவ்வரலாற்றின் நடுமுடிச்சு. கோயிலுக்கும் அறத்துக்கும் கொடை எழுதிய தமிழர், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்கவேண்டும் என்ற பொருளில் 'சந்திராதித்தவரை' என்று கல்லில் வெட்டினர். கொடை என்றால் நிலைபேறுடையது என்பது நம் மொழிக்குள்ளேயே படிந்த எண்ணம். பினாங்கில் பொருளீட்டிய தமிழ் முஸ்லிம் வணிகரும் அவ்வாறே எண்ணினர். கடைவீட்டு வாடகையைக் கொண்டு ஆண்டுதோறும் தம் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் கந்தூரி நடக்கவேண்டும், ஏழைகள் உண்ணவேண்டும் என்று எழுதிவைத்தனர். கந்தூரி என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல்; நாகூர்க் கந்தூரியை அறியாத தமிழர் இல்லை. மலாயில் அது 'கெண்டூரி' ஆகி எல்லா விருந்தையும் குறிக்கும். சீனரும் இதையே வேறு வடிவில் செய்தனர்: முன்னோர் வழிபாட்டுக்கு வீடும், கல்லறைக்குத் தோட்டமும் என்றென்றைக்கும் ஒதுக்கினர்.

ஆங்கிலச் சட்டத்துக்கோ 'என்றென்றைக்கும்' என்ற சொல் ஆகாது. இறந்தவர் கை உயிரோடிருப்போரின் சொத்தை முடிவில்லாமல் பற்றியிருக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. உயில் நடப்புக்கு வரும்போது உயிருடன் இருப்பவர் ஒருவரின் வாழ்நாளும் அதன்மேல் 21 ஆண்டுகளும் என்பது அச்சட்டம் வகுத்த எல்லை. அதற்குள் சொத்து ஒருவருக்கு உரிமையாகிவிட வேண்டும். பொதுமக்களுக்குப் பயன் தரும் அறக்கொடைக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படியானால் கந்தூரி அறக்கொடையா? குடும்பத்தார் ஆன்ம நலனுக்காக நடத்தும் சடங்கு பொது அறம் ஆகாது என்றே நீரிணைக் குடியேற்ற நீதிமன்றங்கள் பலமுறை தீர்த்தன. பினாங்கில் எழுந்த இயாப் சியா நியோ வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒரு சீனப் பெண்மணி தமக்கும் தம் கணவருக்கும் நினைவுச் சடங்கு நடத்த வீடு ஒன்றை ஒதுக்கியிருந்தார். அது அறக்கொடையன்று, ஆகவே செல்லாது என்று 1875இல் வெளியான தீர்ப்பு உறுதி செய்தது. இங்கிலாந்தில் இறந்தோர் ஆன்மாவுக்காகக் கத்தோலிக்கர் வைக்கும் பூசைக் கொடையோடு அது ஒப்பிடப்பட்டது.

இங்கே தவறு யாருடையது? கொடையாளர் தம் மொழியில் பிழையின்றி எழுதினார். நீதிபதி தம் சட்டத்தைப் பிழையின்றிப் படித்தார். 'கந்தூரி' என்ற சொல்லுக்குள் ஏழைக்குச் சோறு என்ற பொருளும் இருந்தது; மொழிபெயர்ப்பில் அது 'குடும்பச் சடங்கு' என்று சுருங்கியது. ஏழைகளுக்கு உணவு என்பதை முதன்மையாக வைத்து எழுதியிருந்தால் சில கொடைகளேனும் பிழைத்திருக்கக் கூடும். இந்தியாவில் குடும்ப வக்ஃபுகள் 1894இல் பிரிவி கவுன்சிலால் செல்லாதவையாக்கப்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1913இல் தனிச் சட்டம் இயற்றி அவற்றைக் காத்தனர். இங்கோ, நிருவாகம் சீர்குலைந்த அறநிலையங்களை மேற்பார்க்க 1905இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த வாரியத்தின் வழிவந்ததே இன்றைய பினாங்கு இந்து அறநிலைய வாரியம்.

6. இன்று நடப்பிலுள்ள முறை

சாசனக் காலத்துக்குப் பின் நிலை மாறிவிட்டது. இந்திய ஆட்சியின் கீழ் இருந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1838ஆம் ஆண்டு உயில் சட்டம் இரண்டு சாட்சி முறையைக் கொண்டுவந்தது. அதன் சாயலையே நம் 1959ஆம் ஆண்டு உயில்கள் சட்டத்திலும் காண்கிறோம். இச்சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. விடுதலைக்குப் பின் முஸ்லிம்களின் மரபுரிமை மாநிலங்களின் இசுலாமியச் சட்ட வரம்புக்குள் வந்தது. மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு மீண்டும் உயிர்பெற்றது. வாரிசு ஒருவருக்கே வஸிய்யத் எழுதினால் மற்ற வாரிசுகளின் இசைவு வேண்டும்.

முஸ்லிம் அல்லாதார்க்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் வடிவம் சுருக்கமானது. தீபகற்ப மலேசியாவில் எழுதுபவர் 18 வயது நிறைந்து, தெளிந்த மனத்துடன் இருக்க வேண்டும். உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். தமிழில் எழுதியதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது மொழிபெயர்ப்புத் தேவைப்படும். கையொப்பம் உயிலின் முடிவில் வரவேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்க அவர் கையொப்பமிட வேண்டும். பின்னர்ச் சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கு அல்லது சாட்சியின் கணவர் மனைவியர்க்கு அவ்வுயிலில் எழுதிய கொடை செல்லாது. உயில் எழுதியபின் ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அத்திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாயிருந்தாலன்றிப் பழைய உயில் நீங்கிவிடும்.

கடிதத்தில் 'இப்படிக்கு' என்று முடித்தபின் பின்குறிப்பு எழுதுவது நம் பழக்கம். உயிலில் கையொப்பத்துக்குக் கீழே சேர்த்த வரிக்குப் பயனில்லை. மூலப்படியும் காக்கப்பட வேண்டும். எழுதியவர் கையில் இருந்த உயில் அவர் இறந்தபின் காணாமற்போனால், அவரே அதை அழித்துவிட்டார் என்று மன்றம் கருத இடமுண்டு. மூலவோலை எங்கே என்ற திருவெண்ணெய்நல்லூர்க் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது.

உயில் இல்லாவிடில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பேசும். 1997இல் திருத்தப்பட்ட அதன்படி, இறந்தவர்க்குத் துணைவரும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் துணைவர்க்குக் கால், பெற்றோர்க்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையெனில் துணைவர்க்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. கணக்கு நேரானதுதான். ஆனால் 'பிள்ளை', 'மனைவி' என்ற சொற்களின் எல்லையில்தான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. தமிழில் பெற்றதும் பிள்ளை, எடுத்து வளர்த்ததும் பிள்ளை. சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கு அப்பகிர்வில் இடமில்லை. கோயிலில் தாலி கட்டியவள் ஊரார்க்கு மனைவி. 1982 மார்ச்சு முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்யாத திருமணமாயின், அவள் தன் உரிமையை நிறுவுவது பெரும்பாடு. உயிலில் அவர்களைப் பெயர் சொல்லி எழுதினால் இந்தச் சொற்சிக்கல் எழுவதில்லை.

சிறு பிள்ளைகளை விட்டு இறக்க நேர்ந்தால் யார் வளர்ப்பது என்பதையும் உயிலில் குறிக்கலாம். அதே வேளையில், தம்மைச் சார்ந்து வாழும் துணைவரையோ மணமாகாத மகளையோ உடற்குறையுள்ள பிள்ளையையோ ஒருவர் ஒன்றுமில்லாமல் விட்டால், அவர்கள் நீதிமன்றத்தை நாட 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. ஊழியர் சேமநிதிக்குச் செய்யும் பெயர் நியமனம் வேறு, உயில் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். சேமநிதிக்குப் பெயர் கொடுத்துவிட்டதால் வீட்டுக்கும் வழி செய்தாயிற்று என்று எண்ணுவோர் பலர்.

7. பயிற்சி ஏட்டுத் தாள் ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை பினாங் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று ஒரு தாளை மொழிபெயர்த்துத் தரும்படி என்னிடம் வந்தது. கோடு போட்ட பயிற்சி ஏட்டில் கிழித்த தாள். கணவரை இழந்த முதிய தாயார் ஒருவர் எழுதியது. தேர்ந்த தமிழ்; ஒற்றுப்பிழைகூட இல்லை. தம்மைக் கடைசிவரை உடன் வைத்துப் பார்த்துக்கொண்ட இளைய மகனுக்கு அடுக்குமாடி வீட்டைக் கொடுப்பதாக எழுதி, காரணத்தையும் மூன்று வரியில் விளக்கியிருந்தார். முடிவில் கையொப்பம். கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் பக்கத்து வீட்டார். மற்றவர், அன்று வீட்டில் இருந்த இளைய மருமகள்.

நான் ஒவ்வொரு சொல்லையும் தூக்கி நிறுத்து மொழிபெயர்த்தேன். அதைப் படித்த வழக்கறிஞரோ தாயாரின் சொற்களில் குறை காணவில்லை. சாட்சிகளின் பெயர்களிலேயே நின்றுவிட்டார். சாட்சியின் கணவனுக்கு எழுதிய கொடை செல்லாது. எஞ்சிய சொத்து யாருக்கு என்றும் அத்தாள் சொல்லவில்லை. எனவே வீடு பிள்ளைகள் நால்வருக்கும் சமமாகப் பிரிய வேண்டியதாயிற்று. மூத்தவர் இருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தனர், ஒருவர் விடவில்லை. இளையவரால் அந்தப் பங்குக்குப் பணம் புரட்ட முடியவில்லை. வீடு விற்கப்பட்டது. அந்த மருமகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் வீடு எங்களுக்கே இருந்திருக்குமா, ஐயா?" ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விடை அதுதான். எதிர்வீட்டாரோ கோயில் பூசாரியோ அவளுடைய இடத்தில் கையொப்பமிட்டிருந்தால் போதும்.

பிறந்த நாள்முதல் தமிழின் நயத்தைப் போற்றக் கற்பிக்கும் நாம், இந்த ஒரு செய்தியை அத்தாயாருக்கு எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை என்ற எண்ணம் அன்றுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை.

8. ஆசிரியர் செய்யக்கூடியது

கடிதம், அறிக்கை, விண்ணப்பம் ஆகியவற்றை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆவணத்தமிழையும் ஒரு பாடமாகக் கருதலாம். நிறைவேற்றுநர், பயன்பெறுநர், சாட்சி, காப்பாளர், எஞ்சிய சொத்து ஆகிய சொற்களை அவற்றின் வேறுபாட்டோடு அறிந்த மாணவர், வீட்டில் தாத்தா பாட்டிக்கு விளக்குவார். நிறைவேற்றுநர் என்பவர் சொத்தைப் பெறுபவர் அல்லர், பிரித்துக் கொடுக்கும் பொறுப்புடையவர் என்ற ஒன்றை விளக்கினாலே பல வீடுகளில் மனக்கசப்புக் குறையும். 'பிள்ளைகளுக்கு' என்று எழுதுவதற்கும் நான்கு பெயர்களை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் பாடத்தில் பொதுப்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் உள்ள வேறுபாடே.

இறுதியில் வழக்கறிஞரிடமோ, 1921இல் தோன்றிய பொது அறங்காவலர் துறையின் வழிவந்த அமானா ராயா போன்ற நிறுவனத்திடமோ போகத்தான் வேண்டும். ஆசிரியர் சட்ட அறிவுரை கூறுபவர் அல்லர். ஆனால் அங்கே போகுமுன் தம் விருப்பத்தைத் தம் மொழியில் ஐயமற எழுதிக்கொண்டு போகும் பெரியவர், அங்கே தரப்படும் ஆங்கில அல்லது மலாய் ஆவணம் தாம் எண்ணியதைத்தான் சொல்கிறதா என்று கேட்கும் தெளிவோடு போவார். அந்தத் தெளிவு கந்தூரி எழுதிவைத்த வணிகருக்கு வாய்க்கவில்லை.

உயிலைப் பற்றிப் பேசினால் சாவை அழைப்பதாகும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இது: மகளின் திருமணத்துக்கு நாள் குறிக்கும் அன்றோ, புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும் அன்றோ இதைப் பேசுங்கள். மங்கல நாளில் பேசினால் அது சாவைப் பற்றிய பேச்சாக இராது. பின்னால் இருக்கப்போகிறவர்களைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். இவ்விரிவுரையைக் கேட்ட மாணவருள் பத்துப் பேராவது இன்று வீட்டுக்குப் போய், "பாட்டி, உங்கள் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்பார்களானால், என் உழைப்புக்கு அதுவே போதும்.